புதுச்சேரியிலிருந்து பாரிஸ்: 8,100 கிலோமீட்டர், 29 மணி நேரம்

அக்டோபர் 22, 2025, புதன்: புதுச்சேரி – மீனம்பாக்கம்

புதுச்சேரியிலிருந்து பாரிஸ் நகரம் ஏறக்குறைய 8,100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பெரிய பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்பதால், வகுத்துப் பார்த்தால் ஒன்பது மணி நேரம் வருகிறது. பள்ளியில் பூகோளம் கற்பித்த காலத்தில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிரான்சில் சித்தப்பாவோ அத்தையோ இருந்ததால், இந்த ஒரு பாடத்தை மட்டும் அவர்கள் கண் கொட்டாமல் கேட்பார்கள். என் தங்கை பாரிசுக்கு வடக்கே சார்செல் என்னும் ஊரில் வாழ்கிறாள். அவளைப் பார்த்து வரப் புறப்பட்ட பிறகுதான் ஒன்பது மணி நேரம் என்பது வெறும் வகுத்தல் விடை என்று விளங்கியது.

லாஸ்பேட்டை விமான நிலையம் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர் நீளமே உள்ளது என்பதால், பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகும் ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்களே அங்கே வந்து போகின்றன. கடல் கடந்து போகிறவர்கள் முதலில் சென்னைக்கு 150 கிலோமீட்டர் தரையில் போயாக வேண்டும். விமானம் விடியற்காலை 3.45 மணிக்கு என்றாலும், தீபாவளியைத் தொடர்ந்து விடாமல் மழை பெய்துகொண்டிருந்ததால் இரவு எட்டரை மணிக்கே காரை வரச் சொல்லியிருந்தேன். வாடகை 4,500 ரூபாய். சுங்கக் கட்டணம் தனி.

ஓட்டுநர் இளைஞர், நிதானமானவர். "டீச்சர், ஈ.சி.ஆர்.ல மரக்காணம் பக்கம் ரோட்டு மேலயே தண்ணி ஓடுதாம். திண்டிவனம் வழியாவே போயிடலாம். கொஞ்சம் சுத்துதான், ஆனா பயம் இல்ல" என்றார். மொரட்டாண்டிச் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கண்ணாடித் துடைப்பான் தள்ளத் தள்ள மழை கொட்டியது. அச்சிறுபாக்கத்தில் ஒரு கடையில் நிறுத்தி, கொதிக்கக் கொதிக்க இஞ்சி டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். நான் புறப்படும் நேரத்தைக் கேட்ட கடைக்காரர், தட்டில் இருந்த சூடான மசால் வடை இரண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்து, "ராத்திரி முழுக்க ஏர்போர்ட்ல உக்காரணுமே, வச்சுக்குங்க" என்றார். காசு கொடுத்தபோது மறுத்துவிட்டார்.

பெருங்களத்தூரில் தண்ணீர் தேங்கி வண்டிகள் ஊர்ந்தன. மீனம்பாக்கம் சேர்ந்தபோது மணி ஒன்று. 150 கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. வானத்தில் இதே நேரத்தில் துபாயைத் தாண்டிவிடலாம்.

அக்டோபர் 23, வியாழன்: துபாய்

எங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானமே மழையால் தாமதமாகத்தான் சென்னையில் இறங்கியது. 3.45 மணிக்குக் கிளம்ப வேண்டியது 5.50 மணிக்குக் கிளம்பியது.

பக்கத்து இருக்கையில் விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கட்டட வேலைக்குப் போகும் பையன் அமர்ந்திருந்தான். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தான். "நாலு மணி நேரம்தாம்மா துபாய். எங்க ஊர்லேருந்து மெட்ராசுக்கு பஸ்ல வர்ற நேரம்கூட இல்ல. ஆனா திரும்பி வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, போர்வையை முகம்வரை இழுத்துப் போர்த்துக்கொண்டு தூங்கிப் போனான். ஒப்பந்தம் முடியாமல் கம்பெனி விடுப்புத் தராது என்பதைப் பிறகு சொன்னான்.

துபாயில் இறங்கியபோது அங்கே காலை 8.35, நம் நேரத்துக்கும் அந்த நேரத்துக்கும் ஒன்றரை மணி வேறுபாடு. பாரிஸ் விமானம் 8.20 மணிக்கே போய்விட்டது. அடுத்தது பிற்பகல் 2.40 மணிக்கு. மாற்றுச்சீட்டுக் கொடுத்த பெண் மலையாளி. என் வயதைப் பார்த்து எழுந்து நின்று பேசினாள், சாப்பாட்டுக்கு ஒரு கூப்பனும் கொடுத்தாள். கூப்பனில் தேநீர் சேராது என்று கடையில் சொன்னதால் 22 திராம் கொடுத்து வாங்கினேன். ஏறக்குறைய 530 ரூபாய். அச்சிறுபாக்கத்தில் முப்பத்தைந்து பேர் டீ குடித்திருக்கலாம். கொண்டுவந்திருந்த புளியோதரையையும் கடைக்காரர் கொடுத்த வடையையும் சாப்பிட்டுவிட்டுக் கூப்பனைத் தொடாமலே வைத்துக்கொண்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில், தொலைக்காட்சித் திரையில் ஓடிய பாதை வரைபடத்தைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டேன். சென்னையிலிருந்து பாரிசுக்கு நேர்த்தூரம் சுமார் 8,020 கிலோமீட்டர். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930. துபாயிலிருந்து பாரிஸ் சுமார் 5,240. இரண்டும் சேர்ந்து 8,170. துபாயில் இறங்கி ஏறுவதால் கூடுவது வெறும் 150 கிலோமீட்டர், அதாவது நான் மழையில் ஊர்ந்து வந்த அதே சென்னைச் சாலையின் நீளம். வளைகுடாவின் விமான நிலையங்கள் இத்தனை பெரிதாக வளர்ந்ததற்கு இந்த இட அமைப்பு ஒரு முக்கியமான காரணம்: தெற்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் வழியில், ஏறக்குறைய கோட்டின் மேலேயே அவை இருக்கின்றன. தூரத்தில் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. கூடுவதெல்லாம் நேரம்தான்.

தட்டையான வரைபடத்தில் சென்னைக்கும் பாரிசுக்கும் நடுவே அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் அது அரேபியாவின் மேல் போகும். பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வேறு பாதை தெரியும். நூல் வடமேற்கே ஏறி, கராச்சிப் பக்கமாகப் போய், ஈரானைக் கடந்து, பாதித் தூரத்தில் காஸ்பியன் கடலின் தென்கரையைத் தொட்டு, கருங்கடலைத் தாண்டி டான்யூப் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து, அங்கிருந்து மேற்கே திரும்பும். வகுப்பில் ஊசிநூலைக் கொண்டு இதைக் காட்டும்போது, நூல் மேலே வளைவதாகத்தான் பிள்ளைகளுக்குத் தோன்றும். உருண்டையை அவர்கள் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டினால்தான் அது நேராக இருப்பது புரியும்.

நூல் போகிற வழியில் எல்லாம் இன்று விமானம் போக முடிவதில்லை. உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் வான்வெளியில் இந்திய விமானங்கள் பறக்க முடியாது. இந்திய வான்வெளியில் அவர்களுடைய விமானங்களும் அப்படியே. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகிற இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்றிக்கொண்டு போவதால் நேரமும் எரிபொருளும் கூடுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு விமானங்கள் முன்னேறியும், சில பாதைகளில் பயணம் முன்பைவிட நீண்டுவிட்டது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது.

பாரிஸ் விமானம் ஏழு மணி இருபது நிமிடம் பறந்தது. ஈராக், துருக்கி, கருங்கடல் ஓரம், ருமேனியா என்று திரையில் பெயர்கள் மாறின. தரையை ஒட்டிய வேகம் பெரும்பாலும் 800 கிலோமீட்டருக்குக் கீழேயே நின்றது. நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று பாய்கிறது. மேற்கே போகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று.

இறங்கியபோது பாரிசில் இரவு எட்டு மணி, புதுச்சேரியில் பதினொன்றரை. தங்கை கணவர் வந்திருந்தார். சார்செல் வீட்டுக்குள் நுழைந்தபோது ஊரில் நள்ளிரவு தாண்டி ஒன்றேகால். புறப்பட்டு ஏறக்குறைய 29 மணி நேரம் ஆகியிருந்தது. அதில் வானத்தில் இருந்தது பதினொன்றரை மணி நேரம், மீதியெல்லாம் தரையில்.

அக்டோபர் 24, வெள்ளி: சார்செல்

நம் ஊர்க் கணக்கில் விடிந்துவிட்டதால் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டேன். ஆனால் இங்கே இந்தப் பருவத்தில் சூரியன் உதிக்க எட்டரை மணி ஆகிறது. பிள்ளைகள் இருட்டில் முதுகுப்பையுடன் பள்ளிக்கு நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று சொன்னதும், "இப்ப லீவுக்கா, அவங்க டியூஷனுக்குப் போறாங்க" என்று தங்கை திருத்தினாள். பத்துப் பாகைக் குளிர், பலத்த காற்று, நடுநடுவே மழை. சுடச்சுட வஞ்சிரக் குழம்பும், முறுமுறுப்பான நீண்ட ரொட்டியும் வைத்தாள். நம் ஊரில் பேக்கரி வாசலில் வரிசையில் நின்று வாங்கும் அதே ரொட்டி. இங்கே ஒன்று ஒன்றேகால் யூரோ. குழம்பில் தோய்த்துத் தின்பதற்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தங்கையின் மாமனார் தொண்ணூறைத் தொட்டவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பழைய சொல்தா. 1958இல் கொழும்பில் கப்பலேறி, சூயஸ் கால்வாய் வழியாக மார்செய் வந்தவர். எத்தனை நாள் ஆனது என்று கேட்டேன். "இருவது நாளுக்கு மேல இருக்கும்மா. முதல் நாலு நாள் வாந்தி. ஏடன்ல இறங்கி நடந்தப்பதான் உசிரு வந்துச்சு" என்றார். சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டில், பிரான்சிலிருந்து புறப்பட்ட கப்பல் எங்கள் கடற்கரையில் நங்கூரம் போட அரை ஆண்டும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். கேட்ட கேள்விக்குப் பதில் வர ஒன்றரை வருடம் என்பது அன்றைக்குச் சாதாரணம்.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அல்ஜீரியாவுல இருந்தப்ப எங்கப்பா போயிட்டாரு. கடுதாசி எனக்கு வந்து சேர்ந்தப்ப கருமாதியே முடிஞ்சிருந்துச்சு." அவர் மருமகள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 26, ஞாயிறு: லாச்சப்பல்

இன்று அதிகாலை மூன்று மணியை ஐரோப்பா இரண்டு மணியாக்கிக்கொண்டது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கோடைகால நேரம் முடிகிறது. நேற்றுவரை புதுச்சேரிக்கும் பாரிசுக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு, இன்றிலிருந்து நாலரை. என் மகள் வழக்கமான நேரத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். இங்கே எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தோம்.

பாரிசில் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் லாச்சப்பல் கடைத்தெரு. கடைப் பலகைகளில் தமிழ். நகைக்கடை, புடவைக்கடை, முடிதிருத்தகம், பலசரக்கு. பெரும்பாலும் ஈழத்தமிழர் கடைகள். மாணிக்க விநாயகர் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு ஒரு காய்கறிக் கடைக்குள் நுழைந்தோம். முருங்கைக்காய் நாலைந்தைக் கட்டி மூன்று யூரோ என்று வைத்திருந்தார்கள், அதாவது முந்நூறு ரூபாய். வாடாமல் இருக்க வேண்டும் என்பதால் அதுவும் விமானத்தில்தான் வருகிறது. கட்டை முகர்ந்து பார்த்தேன். நறுக்கிய முனை இன்னும் ஈரமாக இருந்தது. என்னைவிடக் குறைந்த நேரத்தில் வந்து சேர்ந்திருக்கும்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "எங்கையிருந்து அக்கா வாறியள்?" என்றார். பாண்டிச்சேரி என்றதும், எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டார். 29 மணி நேரம், ரொம்பக் களைத்துவிட்டேன் என்றேன். அவர் காயை நிறுத்துக்கொண்டே, "நான் யாழ்ப்பாணத்திலயிருந்து வெளிக்கிட்டு இங்க வந்து சேர ஏழு மாசம் அக்கா. மொஸ்கோவில நாலு மாசம் ஒரு அறைக்குள்ள. பிறகு லொறியிலயும் நடந்தும்" என்றார். குரலில் முறையீடு எதுவும் இல்லை. தாயார் இறந்தபோது அவரிடம் பிரான்சில் தங்குவதற்கான பத்திரம் எதுவும் இல்லாத காலம்; போனால் திரும்பி வர முடியாது என்பதால் போகவில்லையாம். பணம் கொடுத்தபோது ஒரு பிடி கறிவேப்பிலையை எடுத்துப் பையில் போட்டார். "இது காசுக்கில்லை."

பக்கத்து உணவகத்தில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். தேங்காய்ப்பாலின் இனிப்பும் பச்சை மிளகாயின் காரமும் ஒன்றையொன்று அமுக்காமல் இருந்தன.

அக்டோபர் 29, புதன்

நாள் முழுதும் தூறல். வீட்டிலேயே இருந்தேன். தூக்கம் இப்போதுதான் இந்த ஊர் இரவோடு ஒட்டத் தொடங்கியிருக்கிறது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயில் கட்டணம் 2025இல் 13 யூரோவாகிவிட்டது, எந்த நிலையத்தில் இறங்கினாலும் ஒரே விலை என்று தங்கை கணவர் குறைபட்டுக்கொண்டார். நகருக்குள் மெட்ரோ அப்போது இரண்டரை யூரோ.

நவம்பர் 4, செவ்வாய், நவம்பர் 5, புதன்: திரும்பும் வழி

மாலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஊரில் அப்போது இரவு பத்து. விமானம் 9.35 மணிக்குச் சரியாகப் புறப்பட்டது. ஏறும் வாயிலில், கையில் ஒரு சிறு பையைத் தவிர வேறு எதுவும் இல்லாத இளைஞர் ஒருவர் தமிழில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வில்லியனூர்க்காரர், பாரிசுக்கு வெளியே ஓர் உணவகச் சமையலறையில் வேலை. முந்தின நாள் மாலை அப்பா தவறிவிட்டார். கிடைத்த முதல் விமானம் இதுதான். "ஐஸ் பெட்டியில வச்சிருக்காங்கம்மா. நான் ஒரே பையன். நான் போனாத்தான் எடுக்க முடியும்" என்றார். சொல்லி முடித்ததும் மன்னிப்புக் கேட்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த முறை காற்று எங்கள் பக்கம். திரையில் வேகம் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தொட்டது. வரும்போது ஏழேகால் மணிக்கு மேல் எடுத்த தூரம் இப்போது ஆறரை மணியில் முடிந்தது. துபாயில் காலை ஏழு மணிக்கு இறங்கினோம். சென்னை விமானம் 9.40 மணிக்கு. அந்தத் தம்பி உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார். என்னிடமிருந்த பிஸ்கெட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டாரே தவிர சாப்பிடவில்லை. அவர் சித்தப்பாவிடம் பேசியது காதில் விழுந்தது. "மூணு மணிக்கு இறங்குறேன் சித்தப்பா. வெளிய வந்து, வண்டி புடிச்சு... ஏழு மணி ஆயிடும்." அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது: "பொழுது சாஞ்சப்புறம் எடுக்க வேணாம்ப்பா. காலைல வச்சுக்குவோம். நீ பதறாம வா."

நான் கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முந்தின இரவு அதே 9.35 மணிக்குப் பாரிசிலிருந்து சென்னைக்கு நேராக ஒரு விமானம் புறப்பட்டிருந்தால், பின்காற்றோடு ஒன்பதே முக்கால் மணி நேரத்தில் நம் நேரம் பகல் பன்னிரண்டுக்குள் இறங்கியிருக்கும். நான்கு, நாலரைக்குள் வில்லியனூர். நவம்பர் தொடக்கத்தில் புதுச்சேரியில் சூரியன் மறைவது 5.40 மணி வாக்கில். அந்த வீட்டில் இன்னொரு இரவு முழுதும் பெட்டியின் பக்கத்தில் ஒரு தாய் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்காது. பிரான்சோடு மூன்று தலைமுறைக் குடும்ப உறவு உள்ள ஊர் இது. 150 கிலோமீட்டர் சாலை, இடையில் ஒரு விமான மாற்றம் என்று இந்தப் பயணத்தை வகுத்து வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மீனம்பாக்கத்தில் அதே ஓட்டுநர் காத்திருந்தார். தம்பியையும் ஏற்றிக்கொண்டோம். மழை விட்டிருந்தது, இந்த முறையும் திண்டிவனம் சாலைதான். விஷயத்தைச் சொன்னதும் ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டார். வழியில் எங்கும் டீக்குக்கூட நிறுத்தவில்லை. ஐப்பசிப் பௌர்ணமி என்பதால் வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயிலைச் சுற்றி அன்னாபிஷேகக் கூட்டம். தெருமுனையில் பந்தல் போட்டிருந்த இடத்துக்கு முன்னால் ஏழு மணிக்குச் சற்று முன்பு வண்டி நின்றது. நாலைந்து பேர் ஓடிவந்து அவரைத் தோளில் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் சித்தப்பா காருக்கு அருகில் வந்து வாடகையில் பாதியைக் கொடுக்கப் பார்த்தார். நான் வாங்கவில்லை, ஓட்டுநரும் சுங்கக் கட்டணத்தைத் தவிர வில்லியனூர் வரை வந்ததற்குக் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு எடுக்கிறார்கள். எட்டரைக்கு வந்து அழைத்துப் போவதாக ஓட்டுநர் சொல்லியிருக்கிறார்.